குஷிங் ஞாயிறு

*ஆகஸ்ட் 11, 2024, ஞாயிறு*

சேகர்: எல்லாருக்கும் காலை வணக்கம். பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் குஷிங் போய் இன்னியோட 30 வருஷம். 1994 ஆகஸ்ட் 11, கேன்டர்பரி, 81 வயசு. சாயங்காலம் 6 மணிக்கு மாடி ஹால்ல 'டிராகுலா' போடறோம். 1958 படம், 82 நிமிஷம்தான்.

நித்யா: சித்தப்பா, தேடினா 'ஹாரர் ஆஃப் டிராகுலா'ன்னு வருது. அதுவா?

சேகர்: அதேதான்மா. 1931ல வந்த இன்னொரு 'டிராகுலா' படத்தோட குழம்பிடக் கூடாதுன்னு அமெரிக்காவுல அந்தப் பேர் வச்சாங்க. ஆனா 2012ல சீர் பண்ணின பிரதிதான் வேணும். அதுலதான் டோக்கியோ ஃபிலிம் காப்பகத்துல கிடைச்ச துண்டுகள் சேர்த்திருக்கு. அந்தக் காலத்துல பிரிட்டிஷ் சென்சார் வெட்டினது. கடைசியில டிராகுலா முகத்தை அவனே பிறாண்டி எடுக்கறான் பாரு, அது பழைய பிரதிகள்ல கிடையாது.

அருண்: அது எப்படி எடுத்தாங்க? கம்ப்யூட்டர் இல்லாத காலமாச்சே

முரளி: மேக்கப் வேலைடா. டிராகுலாவா நடிச்ச கிறிஸ்டோபர் லீ முகத்துல முதல்ல சிவப்பு பூசி, அதுக்கு மேல தோல் நிறத்துல மெல்லிசா மெழுகு. விரலால இழுத்தா மெழுகு உரிஞ்சு அடியில இருக்கற சிவப்பு தெரியும். மெழுகு கனமா இருந்தா முகமே அசையாது. ரொம்ப மெல்லிசா இருந்தா விளக்குச் சூட்டுல இளகிடும்.

கல்யாணி: சேகர், டிவியில அந்த 'மோஷன் ஸ்மூத்' சமாசாரத்தை முதல்ல அணைச்சிடு. படம் விநாடிக்கு 24 ஃபிரேம். டிவி நடுவுல தானா ஃபிரேம் செஞ்சு சொருகினா எல்லாம் சீரியல் மாதிரி வழுக்கும். குஷிங் ஓடற ஓட்டத்துக்கு அதுதான் பெரிய கேடு.

கல்யாணி: படத்தை இழுத்து திரை முழுக்க ரொப்பவும் வேணாம். உயரம் 1னா அகலம் 1.66. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், விழட்டும். பெருசு பண்ணினா மேலயும் கீழயும் வெட்டுப்படும். இந்த மனுஷனுக்குக் கை முக்கியம். கை முக்கால்வாசி ஃபிரேமோட கீழ் ஓரத்துலதான் இருக்கும்.

சேகர்: சரிக்கா. அந்தப் பிரதியில நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். 'சினிமா' மோட்ல வச்சு, வண்ணச் சூட்டை 'வார்ம்' பக்கம் ஒரு படி தள்ளினா போதும்.

நித்யா: கை முக்கியம்னா என்ன அத்தை?

கல்யாணி: அவர் வசனம் பேசும்போது கையில எப்பவும் ஒரு வேலை இருக்கும்மா. கண்ணாடியைத் துடைப்பார், மூடியைத் திருகுவார், பையைத் திறந்து எதையாவது தேடுவார். எந்த வார்த்தையில திறக்கணும், எந்த வார்த்தையில மூடணும்னு முன்னாடியே கணக்குப் போட்டிருப்பார். ஒரே காட்சியைத் தூரத்துல, கிட்டத்துலன்னு நாலஞ்சு தடவை எடுப்பாங்க. ஒவ்வொரு தடவையும் கை அதே வார்த்தையில அதே இடத்துல இல்லேன்னா எடிட்டிங்ல ஒட்டாது. கையில பொருளே வேணாம்னு பாதி நடிகர்கள் ஒதுங்கறது இதனாலதான். இவர் அதைத் தேடிப் போனார்.

கல்யாணி: ஷாட்டுக்கு ஷாட் நடுவுல சிகரெட் பிடிப்பார், வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கிட்டு. விரல்ல மஞ்சக் கறை ஏறினா குளோசப்ல தெரியும்னு.

பிரபா: ஸ்கிரிப்ட் ஓரத்துலயே உடைக்கும் பொருளுக்கும் படம் வரைஞ்சு வச்சுப்பாராம். நல்லா வாட்டர்கலர் போடுவார். வேலை இல்லாத நாள்ல பட்டு ஸ்கார்ஃபுக்கு டிசைன் வரைஞ்சு சம்பாதிச்சிருக்கார்.

அருண்: அப்போ இன்னிக்குப் படத்துல எதைக் கவனிக்கணும்?

முரளி: கடைசி ரெண்டு நிமிஷம். ஸ்கிரிப்ட்ல இருந்தது என்னன்னா, வான் ஹெல்சிங், அதான் டிராகுலாவை வேட்டையாடற டாக்டரா வர்ற குஷிங், பையிலிருந்து இன்னொரு சிலுவையை எடுத்து நீட்டறார், அவ்வளவுதான். அதுக்குள்ள படத்துல ஏகப்பட்ட சிலுவை காட்டியாச்சு. இன்னொண்ணு எடுத்தா சிலுவை விக்கற ஆள் மாதிரி இருக்கும்னு குஷிங்கே சொன்னார். சொல்லிட்டு வேற வழியும் கொடுத்தார்.

முரளி: நீளமான சாப்பாட்டு மேஜை மேல ஏறி ஓடணும். விளிம்பிலிருந்து திரைச்சீலை மேல பாயணும். உடம்புக் கனத்துலயே திரை கிழிஞ்சு விழுந்து வெயில் உள்ள வரணும். அப்புறம் மேஜையிலிருந்து ரெண்டு மெழுகுவர்த்தித் தாங்கியை எடுத்துக் குறுக்கா பிடிச்சு, டிராகுலாவை அந்த வெயில் பக்கமே தள்ளிக்கிட்டுப் போகணும்.

முரளி: ஏன் நல்ல யோசனைன்னா, புதுசா ஒரு பொருள் வரல. மேஜை, திரை, தாங்கி எல்லாம் அந்த அறையிலேயே இருக்கு. கை அமைப்பையும் பாரு. ஒண்ணை நட்டக்குத்தலா, இன்னொண்ணை அதுல மேல் மூணுல ஒரு பங்கு உயரத்துல படுக்கையா வச்சாதான் சிலுவை. ரெண்டும் சாய்ஞ்சா பெருக்கல் குறி ஆயிடும், காட்சி செத்துடும்.

அருண்: இயக்குநர் உடனே ஒத்துக்கிட்டாரா?

முரளி: டெரன்ஸ் ஃபிஷர் அந்த மாதிரி விஷயத்துல திறந்த மனசுக்காரர். படத்துல அப்படியே இருக்கே.

பிரபா: இதே கதை 'தி மம்மி'யிலயும் உண்டு, 1959. போஸ்டர்ல மம்மியோட நெஞ்சு வழியா டார்ச் வெளிச்சம் பாயற மாதிரி வரைஞ்சிருந்தாங்க. ஓட்டை எப்படி வந்துச்சுன்னு குஷிங் கேட்டா, சும்மா டிக்கெட் விக்கறதுக்குன்னு பதில். போஸ்டர் பார்த்து வர்றவங்க ஏமாறக் கூடாதுன்னு, சண்டையில ஈட்டியை எடுத்து மம்மி உடம்புல செருகறதா அவரே சேர்த்தார். இப்போ ஓட்டைக்குக் காரணம் இருக்கு. டிக்கெட் வாங்கினவங்களுக்கு அவர் காட்டின மரியாதைன்னுதான் நான் நினைக்கறேன்.

சேகர்: அடுத்தது 1957 'கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' பார்க்கணும். தூக்குல தொங்கினவனோட தலையை அறுத்து முடிச்சுட்டு, கை ரத்தத்தைக் கோட்டு மடிப்புல துடைச்சுக்குவார். முகத்துல அருவருப்பே இருக்காது, வேலை மும்முரம்தான் இருக்கும். அந்த ஒரு துடைப்புல அவன் எப்படிப்பட்ட ஆள்னு புரிஞ்சுடும். ஃபிராங்கன்ஸ்டைனா மொத்தம் 6 படம் பண்ணார். கடைசியது வந்தது 1974ல.

நித்யா: எனக்கு அவரை 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்கினாதான் தெரியும் 🙈

கல்யாணி: அதுல தப்பில்ல. 1977. அந்தப் படத்துல அவர் முழு உருவம் எத்தனை தடவை தெரியுதுன்னு பாரு. கொடுத்த பூட்ஸ் காலுக்குச் சின்னது, நடந்தா வலி. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ்கிட்ட கேட்டுக்கிட்டு முக்கால்வாசிக் காட்சியில வீட்டுச் செருப்போட நடிச்சார். கேமராவை இடுப்புக்கு மேல வச்சாங்க. வலியோட நின்னா தோள் இறுகும், பேச்சு தடுமாறும். செருப்பு போட்டதாலதான் அந்த நிமிர்வு.

பிரபா: அதே படத்துல இளவரசி லேயாவா நடிச்ச கேரி ஃபிஷர் சொல்லியிருக்காங்களே, அவரை வெறுக்கற மாதிரி நடிக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சாம். அவ்வளவு அன்பா பேசுவாராம், லாவெண்டர் வாசனை வேற.

அருண்: 2016ல வந்த இன்னொரு 'ஸ்டார் வார்ஸ்' படம் 'ரோக் ஒன்'ல டார்கினா வர்றது அவர் இல்லையே?

சேகர்: இல்ல. நடிச்சது கய் ஹென்றின்னு ஒரு பிரிட்டிஷ் நடிகர். அவர் முகத்து மேல ஐஎல்எம்ங்கற கிராஃபிக்ஸ் கம்பெனி ஆளுங்க கம்ப்யூட்டர்ல குஷிங் முகத்தை உருவாக்கினாங்க. 1984ல 'டாப் சீக்ரெட்' படத்துக்காக எடுத்த குஷிங்கோட முக அச்சு இருந்துச்சு, அளவுக்கு அது உதவிச்சு.

அருண்: அப்புறம் ஏன் பார்க்கும்போது ஏதோ உறுத்துது?

சேகர்: ரெண்டு இடம். ஒண்ணு வாய். 'ஆ' ஒலி வரும்போது குஷிங்குக்கு மேலுதடு அசையவே அசையாது. சாதாரண வாயசைவைப் போட்டா அது வேற ஆள் ஆயிடும், அதனால தனியா திருத்தினாங்க. ரெண்டாவது வெளிச்சம். 1977 படத்து விளக்கு அமைப்பைப் போட்டா உருவம் அவர் மாதிரி வந்துச்சு. புதுப் படத்தோட விளக்குக்கு மாத்தினா சாயல் குறைஞ்சுது. நம்ம மனசுல இருக்கற முகம் அந்தப் பழைய வெளிச்சத்தோட சேர்ந்ததுதானே.

கல்யாணி: குஷிங்கோட சொத்து உரிமையைப் பார்த்துக்கறவங்ககிட்ட அனுமதி வாங்கித்தான் செஞ்சாங்க. இருந்தாலும் எனக்கு ஒப்பல. வேலை நுணுக்கமானது, மறுக்கல. ஆனா குஷிங்கோட பலமே, எழுதாததை யோசிச்சு சேர்க்கறது. அந்த உருவம் எதைச் சேர்க்கும்?

முரளி: கல்யாணி சொல்றது சரி 👍

பிரபா: 1954ல பிபிசி டிவியில குஷிங் நடிச்ச 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' நாடகத்தை விட்டுட்டீங்களே! ஜார்ஜ் ஆர்வெல் நாவல். டிசம்பர் 12 ஞாயிறு நேரடி ஒளிபரப்பு. நாடாளுமன்றத்துலயே பேச்சு வந்துச்சு. மறுபடி 16ஆம் தேதி வியாழன் அத்தனையும் திரும்ப நடிச்சாங்க, நேரடியா. இன்னிக்கு நமக்குக் கிடைக்கறது அந்த ரெண்டாவது நடிப்புதான்.

நித்யா: நேரடின்னா உடை மாத்த நேரம்?

பிரபா: இடையிடையே முன்னாடியே ஃபிலிம்ல எடுத்த துண்டுகளை ஓட்டுவாங்க. அந்த நேரத்துக்குள்ள நடிகர் அடுத்த செட்டுக்குப் போயிடணும், உடை மாத்தணும், மூச்சு வாங்கறது மைக்ல கேக்கக் கூடாது. கையை நிமிஷக் கணக்குல பழக்கினது அந்த டிவி வேலைதான்னு நான் நம்பறேன்.

அருண்: மனைவி இறந்தப்புறம் நடிப்பை விட்டுட்டாரா?

கல்யாணி: விடல. ஹெலன் இறந்தது 1971 ஜனவரி. துக்கத்துல ஆள் இளைச்சு முகமே மாறிடுச்சு. 'டிராகுலா ஏ.டி. 1972'ல பெண்ணுக்கு அப்பாவா வர வேண்டியவர், வயசு ஜாஸ்தியா தெரிஞ்சதால தாத்தான்னு மாத்தி எழுதினாங்க. அவங்க வாழ்ந்த விட்ஸ்டபிள் ஊர்க் கடற்கரையில ரெண்டு பேர் பேரும் போட்ட பெஞ்சு இருக்கு, அந்த இடத்துக்கே இப்போ 'குஷிங்ஸ் வியூ'ன்னு பேர்.

முரளி: லீயோட சேர்ந்து 22 படம். குஷிங் பிறந்த நாள் மே 26, லீக்கு மே 27. சாகறதுக்குச் சில வாரம் முன்னாடி ரெண்டு பேரும் கேன்டர்பரியில உட்கார்ந்து இந்த 'டிராகுலா', 'மம்மி' படங்களை எடுத்த ஹாமர் கம்பெனி பத்தின ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தாங்க. அதுதான் கடைசி.

சேகர்: சரி, அடுத்த ஞாயிறு எது?

நித்யா: குஷிங் ஷெர்லாக் ஹோம்ஸா வர்ற படம்!

சேகர்: 1959 'ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. கலர்ல வந்த முதல் ஹோம்ஸ் படம். ஹோம்ஸ் கதைகள் வந்த 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகைப் பழைய பிரதிகளை வச்சுப் பார்த்துப் பார்த்து உடையும் பொருளும் சேர்த்தார். கடிதங்களைக் கணப்படுப்பு மேடையில கத்தியால குத்தி வச்சிருப்பார், கதையில உள்ளபடி.

பிரபா: அதுவும் 1.66தான். கல்யாணி அக்கா சொன்ன செட்டிங்கை மாத்தாம அப்படியே விட்டுடு, சேகர்.