பயாப்ஸி இல்லாமல் கல்லீரல் தழும்பைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி:
அப்பாவுக்கு வயது 52, ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று). ஊசி குத்திச் சதை எடுப்பார்களோ என்ற பயத்தில் தூக்கமே இல்லை அவருக்கு. கல்லீரல் என்சைம்கள் ஏஎஸ்டி 64, ஏஎல்டி 81, பிளேட்லெட் 1,60,000. ஸ்கேன் மட்டும் போதுமா?

பதில் 1:
பெரும்பாலும் போதும்ங்க. கையில் இருக்கும் ரிப்போர்ட்டை வைத்தே ஃபிப்-4 (தழும்பை மதிப்பிடும் ஒரு எண்) கணக்குப் போடலாம். வயது × ஏஎஸ்டி. அதை, பிளேட்லெட் (ஆயிரத்தில், 160) × ஏஎல்டியின் வர்க்கமூலம் (9) ஆல் வகுக்கணும். 2.31 வருது. 1.45-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 3.25-க்கு மேலே என்றால் அதிகம். அப்பா நடுவில் நிற்கிறார். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

பதில் 2:
நான் எடுத்திருக்கேன். விலா இடுக்கில் ஜெல் தடவி, விரலால் சுண்டுவது போல ஒரு தட்டு, அவ்வளவுதான். வலியே இல்லை, அப்பாகிட்ட சொல்லுங்க. ஆனால் 3 மணி நேரமாவது வெறும் வயிறு முக்கியம். சாப்பிட்டுப் போனால் விறைப்பு அளவு (கிலோபாஸ்கல்) ஏறிக் காட்டும். ஏஎல்டி ரொம்ப எகிறியிருந்தாலும் அப்படித்தான். சுமார் 12.5-ஐத் தாண்டினால் சிரோசிஸாக (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) இருக்கலாம் என்று பார்ப்பார்கள். சிரோசிஸ் என்றால், மாத்திரையில் வைரஸ் போன பிறகும் 6 மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்டை விடவே கூடாது.

கேட்டவர்:
வெறும் வயிறு விஷயம் எங்களுக்குத் தெரியாது. ரொம்ப நன்றிங்க, இப்பவே அப்பாவுக்குப் படித்துக் காட்டுறேன்.