புதுப்பிப்பு: 4000000000001 பகா எண் இல்லை, காரணி கிடைச்சுருச்சு

மதுரை செல்லூர்ல நான் ட்யூஷன் எடுக்குற பத்தாப்பு பசங்க நாலு லட்சம் கோடியே ஒண்ணு, அதாவது 4000000000001, பகா எண்ணான்னு கேட்டாங்க, 3, 7, 11, 13 எதுலயும் வகுபடலன்னு இங்க போட்டிருந்தேன்ல. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

வேலைக்கு ஆனது "நடுவுல ஒரு வர்க்கத்தைக் கூட்டிக் கழிச்சுப் பாருங்க"ன்னு ஒரு அண்ணன் சொன்ன வழிதான். இந்த எண் 4 × 1000⁴ + 1. இதோட 4 × 1000² அதாவது 40 லட்சத்தைக் கூட்டுனா அப்படியே 2000001²ன்னு வந்து நிக்குது, கூட்டுன 40 லட்சமும் 2000² தான், அதைத் திருப்பிக் கழிச்சா a² − b² சூத்திரம், அவ்வளவுதான்:

2000001 − 2000 = 1998001
2000001 + 2000 = 2002001

ரெண்டையும் பெருக்குனா 4000000000001. பிரெஞ்சுக் கணித மேதை சோஃபி ஜெர்மைன் பேர்ல இருக்குற முற்றொருமை இதுதான். சின்ன எண்ணா வகுத்துக்கிட்டே போயிருந்தாலும் காரணி கிடைச்சிருக்கும், ஆனா 277 வரைக்கும் போகணும்: 1998001 = 277 × 7213.

எதிர்பார்க்காதது ஒண்ணு. 1998001 = 999² + 1000², 2002001 = 1000² + 1001². இப்படி ரெண்டு வர்க்கக் கூட்டலா வர்ற எண்களைப் பெருக்குனாலும் அதே மாதிரிதான் வரும்னு நம்ம நாட்டுப் பழைய கணித மேதை பிரம்மகுப்தர் கி.பி. 628லயே சொல்லிட்டாரு, அதுவும் ரெண்டு விதமா. போட்டுப் பார்த்தோம்: 2000000² + 1², அப்புறம் 1999999² + 2000². ஒரு பகா எண்ணுக்கு இப்படி ரெண்டு விதம் வரவே வராது, அதனால இது ஒண்ணே தனி நிரூபணம். பசங்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சுது.