மொத்தமாகச் சமைத்து வைக்கும் சிக்கன் பிரெஸ்ட் வறண்டு போகாமல் இருக்க வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். தம்பி ஜிம்முக்குப் போகிறான், அப்பாவுக்கு எண்ணெய் குறைக்க வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமை எலும்பில்லாத நெஞ்சுக்கறி வாங்கி, தயிர், மிளகு, இஞ்சி பூண்டு விழுது போட்டு ஊறவைத்து, தோசைக்கல்லில் மூடி போட்டு வாரத்துக்கும் சேர்த்து வேகவைத்து விடுகிறேன். அன்றைக்குப் பஞ்சு மாதிரி இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி சூடாக்கினால் நார் நாராகி அப்பாவால் மெல்லவே முடியவில்லை, பாவமாக இருக்கிறது.

சமைத்த கறி ஃபிரிட்ஜில் 3, 4 நாள்தான் தாங்கும், மீதி ஃப்ரீசருக்குப் போக வேண்டும், சரி. ஆனால் வேகவைத்து ஃப்ரீசரில் வைப்பது நல்லதா, இல்லை மசாலா தடவிப் பச்சையாகவே வைத்து, முந்தின ராத்திரி கீழ்த்தட்டுக்கு மாற்றி அன்றன்றைக்கு வேகவைப்பதா? முழுசாக வைப்பதா, துண்டு போட்டா? சூடாக்கும்போது தண்ணீர் தெளித்து மூடினால் போதுமா?

அப்புறம் நம்ம வேலூர் வெயில். கத்திரியில் கரண்ட் போனால், ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் வரை பரவாயில்லை என்கிறார்கள், அதற்கு மேல் போனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

காட்பாடி, பாகாயம் பக்கம் வாராவாரம் இப்படிச் செய்கிற அக்கா, அண்ணன்கள் யாராவது இருந்தால் உங்கள் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், இந்த ஞாயிறே செய்து பார்க்கிறேன்.