வெளிநாட்டு நெடுந்தொலைவு சைக்கிள் நிகழ்வுக்கு நான்கு லட்சம் ரூபாய் செலவிடுவது தகுமா?

கேள்வி: கோவைச் சக்கரம்

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன், வயது நாற்பத்தொன்று. 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்கள் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தொலைவு சைக்கிள் ஓட்டங்கள்) நான்கையும் ஒரே ஆண்டுக்குள் முடிப்பதை இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து செய்து வருகிறேன். கிர்கிஸ்தானில் 2018இல் தொடங்கிய சில்க் ரோடு மவுண்டன் ரேஸ் என்னும் மலைப்பாதை சைக்கிள் போட்டியில் ஒருமுறையாவது கலந்துகொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்கென்றே மாதம் பத்தாயிரம் ரூபாய் வீதம் தொடர் வைப்புக் கணக்கில் போட்டு வந்ததில், மூன்று ஆண்டு முடிவில் ஏறக்குறைய நான்கு லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது.

பங்கேற்புக் கட்டணம், விமானச்சீட்டு, கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் தங்கும் செலவு, வழிச் சாப்பாடு ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கூட்டியபோது எல்லாம் இரண்டரை லட்சத்துக்குள் அடங்கிவிடும் போலத் தோன்றியது. ஆனால் நான் எழுதாமல் விட்டவை எவை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கனடாவின் பான்ஃப் நகரில் தொடங்கி அமெரிக்க, மெக்சிகோ எல்லையில் முடியும் டூர் டிவைடு நிகழ்வுக்குக் கட்டணமே இல்லை என்று படித்ததிலிருந்து, அதுவே சிக்கனமான தேர்வோ என்ற எண்ணமும் எழுகிறது. அடுத்த ஆண்டு மகள் பத்தாம் வகுப்புக்குச் செல்கிறாள் என்பதையும் மனத்தில் வைத்தே இதைக் கேட்கிறேன்.

என் மனைவி தடை ஏதும் சொல்லவில்லை. "பாதியில் திரும்பி வர நேர்ந்தால், இந்தப் பணத்தை நினைத்து வருந்துவீர்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னால் நேர்மையாக விடை சொல்ல முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: காவிரிக்கரை

வணக்கம் நண்பரே. 2023 ஆகஸ்டில் பிரான்சின் ரம்பூயேயிலிருந்து புறப்பட்ட பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்னும் நெடுந்தொலைவு சைக்கிள் பயணத்தை 90 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அது பைக்பேக்கிங் (கூடாரம், உறக்கப்பை எல்லாவற்றையும் சைக்கிளிலேயே சுமந்து போகும் பயணம்) அல்ல. வழியெங்கும் சோதனைச் சாவடிகளும் சாப்பாடும் உண்டு. ஆயினும் ஒரு சைக்கிளோடு வெளிநாடு போய்வருவதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய எல்லா நிகழ்வுகளுக்கும் ஒரே மாதிரிதான் அமைகிறது.

முதலில் டூர் டிவைடு. கட்டணம் இல்லை, பரிசு இல்லை, பெயர் சொல்லும்படியான அமைப்பாளரும் இல்லை. ஜூன் மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை பான்ஃபில் கூடிக் கிளம்புகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பாதை ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். காலஞ்சென்ற மைக் ஹால் 2016இல் அதைப் பதினான்கு நாளுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் முடித்தார். நம்மைப் போன்றவர்களுக்கு நான்கு வாரங்கள் ஆகும் என்று வைத்துக்கொள்வதே நியாயம். நான்கு வாரங்களும் சாப்பாடு, விடுதி, பழுதுபார்ப்பு எல்லாம் டாலரில் நடக்கும். பாதை கனடாவில் தொடங்கி ரூஸ்வில் சாவடி வழியாக மொன்டானாவுக்குள் நுழைவதால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு இரண்டு விசாக்கள் வேண்டும்: கனடாவுக்கு விண்ணப்பமும் கைரேகைப் பதிவும் சேர்த்து 185 கனடிய டாலர், அமெரிக்காவுக்கு விண்ணப்பக் கட்டணமாக மட்டும் 185 அமெரிக்க டாலர். விசா கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. கரடி நடமாட்டமுள்ள பகுதி என்பதால் மிளகுத்தூள் தெளிப்பானும் வாங்க வேண்டும்; அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேயே வாங்கி அங்கேயே விட்டுவர வேண்டும். எனவே, கட்டணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சிக்கனம் என்று எண்ண வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டில் அதிகம் செலவு வைப்பது அதுதான்.

கிர்கிஸ்தான் அந்த வகையில் நமக்குப் பக்கம். இந்தியர்களுக்கு மின்விசா உண்டு. டில்லியிலிருந்து பறக்கும் நேரமும் குறைவு. கோவையிலிருந்து டில்லிக்கு வேறு நிறுவனத்தின் விமானத்தில் போவதாக இருந்தால் மட்டும் கவனம் தேவை. சைக்கிள் பெட்டிக்கு இரண்டு இடத்திலும் தனித்தனியே பணம் கட்ட நேரிடும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்தின் பொறுப்பு யாருடையதும் அல்ல. என் பயணத்தில் இப்படித்தான் நேர்ந்தது. பெட்டியின் எடை ஒரு விமான நிலையத்தில் சரியாகவும் மற்றொன்றில் இரண்டு கிலோ கூடுதலாகவும் காட்டியது. வரிசையில் நின்றபடியே காலணியையும் கருவிப்பையையும் எடுத்துக் கைப்பையில் திணித்தேன். வெளிநாட்டில் கடன் அட்டையைப் பயன்படுத்தும்போது வங்கி எடுத்துக்கொள்ளும் சதவீதத்தையும் நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். நான் எழுதவில்லை.

ஆனால் இவற்றைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. கிர்கிஸ்தான் நிகழ்வின் கெடு ஏறக்குறைய இரண்டு வாரம். முன்னதாக உயரத்துக்கு உடல் பழக நான்கு நாள், சைக்கிளின் பாகங்களைப் பூட்டிச் சரிபார்க்க ஒரு நாள், முடித்தபின் பெட்டியில் கட்டித் திரும்ப இரண்டு நாள் என்று பார்த்தால் மூன்று வாரமாவது விடுப்பு வேண்டும். அந்த ஆண்டில் குடும்பத்தோடு போகக்கூடிய ஒரே பயணத்தின் விடுப்பு அது. மகளின் பத்தாம் வகுப்பு ஆண்டில் அந்த நாட்களுக்கு என்ன விலை வைப்பது என்பதை நீங்களும் உங்கள் இல்லத்தரசியும்தான் சொல்ல முடியும்.

பதில்: ஒற்றையடி

காவிரிக்கரை ஐயா எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கேள்வியின் அடிப்படையையே சற்று மாற்ற விரும்புகிறேன். நமது மாநிலத்தின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அந்தக் கிர்கிஸ்தான் பாதையோ 3,500 மீட்டரைத் தாண்டிய கணவாய்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி ஏற்றத்தை எத்தனை முறை ஏறினாலும் அந்த உயரத்தில் உறங்கி எழுந்து மிதிப்பதற்கு அது பயிற்சியாகாது. நான்கு லட்சத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு கோடைக்காலத்தில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிக்குச் செல்லுங்கள். குன்சும் கணவாய் 4,590 மீட்டர். மணாலி–லே சாலையில் தங்லாங் கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டுகிறது. விசா வேண்டாம், சண்டிகர் வரை ரயிலில் போகலாம், அதே பைகள், அதே கூடாரம், அதே உறக்கப்பை. உடல் அந்த உயரத்தை ஏற்கிறதா, ஈரமான கையுறையோடு விடியற்காலையில் கூடாரத்தைச் சுருட்டும் மனம் இருக்கிறதா என்பவை இரண்டும் சில ஆயிரம் ரூபாயில் தெரிந்துவிடும்.

அதன் பிறகும் கிர்கிஸ்தான் உங்களை அழைத்தால், நிகழ்வில் சேராமல் தனியாகவே போய் ஓட்டலாமே என்பது என் கருத்து. மலை யாருக்கும் கட்டணம் விதிப்பதில்லை.

பதில்: சோங்கோல் நினைவு

வணக்கம் அண்ணா. நான் சென்னையைச் சேர்ந்தவள். நீங்கள் கேட்கும் அதே நிகழ்வில் கலந்துகொண்டு ஐந்தாம் நாளில் விலகியவள் என்பதால், உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு என்று நினைக்கிறேன்.

தனியாகப் போகலாம் என்று ஒற்றையடி சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பங்கேற்புக் கட்டணம் வீண் என்று நான் கருதவில்லை. சீன எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். தனியாகப் போகிறவர் அதை ஒரு முகவர் வழியாக முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். இன்னொன்று, நமக்கே உரிய சிக்கல். அவசரச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவிகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையத்தில் பையில் அது இருந்ததால் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். மற்ற நாட்டினர் ஊரிலிருந்து கொண்டுவரும் கருவியை நாம் கொண்டுபோகவே முடியாது. நிகழ்வில் சேர்ந்தால் நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் புறப்படும் இடத்தில் கையில் கிடைக்கிறது. ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் பாதையில் பெரும்பகுதி கைப்பேசிக்கு எட்டாதது என்னும்போது, என் அம்மா சென்னையில் உட்கார்ந்து வரைபடத்தில் ஒரு புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதன் மதிப்பை நான் ரூபாயில் சொல்ல மாட்டேன்.

இப்போது விலகலின் செலவு. அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் கணவாயில் பனி பெய்தது. அதற்கு முந்தைய நாள் ஆற்றைக் கடந்தபோது நனைந்த காலணி உலரவே இல்லை. இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும், சோங்கோல் ஏரிக்கரையில் ஒரு மேய்ச்சல் குடும்பத்தின் கூடாரத்தில் இரண்டு இரவு கிடந்தேன். அவர்கள் ரொட்டியும் தேநீரும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்த ஒரு காரை முழுதாக வாடகைக்குப் பிடித்துப் பிஷ்கெக் வந்தேன். மருத்துவர், கூடுதலாக ஒரு வார விடுதி, விமானச்சீட்டின் தேதியை மாற்றிய கட்டணம் என எல்லாம் சேர்ந்து எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. நான் எடுத்திருந்த சாதாரணப் பயணக் காப்பீட்டில் போட்டிகளும் சாகச விளையாட்டுகளும் விலக்கப்பட்டிருந்தன. அதை நான் படித்ததே கூடாரத்தில் படுத்திருந்தபோதுதான். காப்பீட்டுத் தாளின் விலக்குப் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். உயர வரம்பு எவ்வளவு, மீட்புச் செலவு அடங்குமா என்று கேட்டு, எழுத்தில் விடை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ரூபாயைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, மீதி மூன்று லட்சத்துக்குள் பயணம் அடங்குமா என்று கணக்குப் போடுங்கள். அடங்காவிட்டால் இன்னும் ஓராண்டு சேமியுங்கள்.

சிறிய செய்திகள் சில. அடுப்புக்கான எரிவாயு உருளையை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், பிஷ்கெக்கில் வாங்கலாம். பவர் பேங்குகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். விலையுயர்ந்த சைக்கிளாக இருந்தால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் அதைக் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதை வெளிநாட்டில் வாங்கிய பொருள் என்று கருதி வரி கேட்கும் நிலை வராது.

வருந்தினேனா என்று கேட்டால், ஆம், இரண்டு மாதம் வருந்தினேன். ஆனால் போனதற்காக அல்ல. தரமான மழைச்சட்டைக்குப் பதினைந்தாயிரம் தர மனமில்லாமல் பழையதையே எடுத்துச் சென்றதற்காக.

பதில்: கோவைச் சக்கரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. நேற்றிரவு மனைவியோடு அமர்ந்து எல்லாவற்றையும் படித்தோம். சகோதரி எழுதிய பதிலை அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "ஒரு லட்சம் தனியாக இருக்கட்டும், மழைச்சட்டையும் வாங்குங்கள்" என்றார்.

அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மகளின் தேர்வு முடிந்தபின், ஜூலையில் பத்து நாள் ஸ்பிதிக்குச் செல்கிறேன். குன்சும் கணவாயின் இருபுறமும் உயரத்தில் தங்கிப் பார்ப்பதுதான் நோக்கம். உடல் ஒத்துழைத்தால் அதற்கு அடுத்த ஆண்டு கிர்கிஸ்தானுக்கு, நிகழ்வில் சேர்ந்தே போவேன். டிராக்கர் பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதியது. நண்பர் ஒருவரிடம் அந்தக் கருவியை இரவல் கேட்டிருந்தேன், வேண்டாம் என்று இன்றே சொல்லிவிட்டேன். தொடர் வைப்பையும் நிறுத்தாமல் தொடர்கிறேன். சைக்கிள் பெட்டி கெட்டியானதாக வாங்குவதா, அட்டைப்பெட்டியே போதுமா என்ற ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது.

பதில்: காவிரிக்கரை

போகும்போது அட்டைப்பெட்டி போதும். சைக்கிள் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். திரும்பும்போதுதான் சிக்கல், ஏனெனில் அதை இரண்டு வாரம் நனையாமல் காத்துவைக்க இடம் வேண்டும். தங்கப்போகும் விடுதியில் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கெட்டிப் பெட்டிதான் வேண்டும் என்றால் புதிதாக வாங்க வேண்டாம். பாரிஸ் போய்வந்த பெட்டி திருச்சியில் என் வீட்டுப் பரணில் சும்மா கிடக்கிறது. வெறும் பெட்டியே பதினோரு கிலோ இருக்கும் என்பதை எடைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, வேண்டும்போது வந்து எடுத்துச் செல்லுங்கள்.