மூர்த்தி முதுகுக்கு 24 சிட்டிங்

குழு: சேலம் குகை வீட்டுச் சொந்தங்கள்
செவ்வாய்க்கிழமை

செல்வி, காலை 7:12
எல்லாருக்கும் வணக்கம். இவருக்கு முதுகு வலி இந்தத் தடவ ரொம்ப மோசம். ராத்திரி புரண்டு படுக்க முடியல. அஞ்சு ரோட்டுக்கிட்ட புதுசா சிரோபிராக்டிக் சென்டர் ஒண்ணு போட்டிருக்காங்க, கையால முதுகெலும்ப அழுத்தித் திருப்பற வைத்தியம். நேத்து போய்ப் பாத்தோம். எலும்பு விலகியிருக்கு, 24 சிட்டிங் வேணும், 36,000 ஆகும்னாங்க. இன்னிக்கு சாயங்காலம் 6 மணிக்குள்ள 5,000 கட்டினா 26,000க்கு முடிச்சுத் தர்றாங்களாம். கட்டலாமா வேண்டாமா, சொல்லுங்க

செல்வி, 7:13
[நோட்டீஸ் படம்]
[வீடியோ]

சரவணன், 7:20
அம்மா பணம் அனுப்பிட்டீங்களா

செல்வி, 7:21
இன்னும் இல்ல

தங்கவேல், 7:26
வீடியோ பாத்தேன். கழுத்துல பட்டைய மாட்டி ஒரே இழுப்பு. டக்குனு சத்தம். ஆளு எந்திரிச்சு நடக்கறான். நம்ம ஊர்ல சுளுக்கு வழிக்கறவங்க காலங்காலமா இதத்தான பண்றாங்க? 200 ரூபாயோட முடிஞ்சுரும்

கீதா, 7:31
ஞாயித்துக்கிழம காதுகுத்துக்கு வேன் சொல்லணும். எத்தன பேருன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க. 17 சீட்டா 21 சீட்டா?

மூர்த்தி, 7:33
நான் வரல கீதா. ஏற்காடு ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவும் உக்காந்து வர என்னால ஆகாது

கீதா, 7:34
என் மகளுக்குக் காது குத்தறப்ப மடியில வெச்சிருந்தது நீதான் அண்ணா. அவ குழந்தைக்கு நீ வந்து நிக்காம எப்படி

பிரியா, 7:58
சித்தி, இன்னிக்குப் பணம் கட்ட வேண்டாம். நீளமா எழுதப் போறேன், பொறுமையா படிங்க.

பிரியா, 8:06
முதல்ல அந்த டக் சத்தம். எலும்பு இடத்துல போய் உக்கார்ற சத்தம் இல்ல அது. மூட்டுக்குள்ள கொழகொழன்னு ஒரு திரவம் இருக்கு. மூட்ட சட்டுனு பிரிச்சா உள்ள அழுத்தம் குறைஞ்சு வாயுக் குமிழி உண்டாகும். விரல்ல சொடக்கு எடுக்கறோமே, அதேதான். ஒரு தடவ எடுத்த விரல்ல ஒரு 20 நிமிஷத்துக்கு மறுபடி சொடக்கு வராது, காரணம் இதுதான். சத்தம் வந்ததால சரியாயிடுச்சுன்னும் இல்ல, வரலைன்னா சரியாகலைன்னும் இல்ல. செஞ்சு முடிச்சதும் உடம்பு லேசா தெரியறது நிஜம். ஆனா வீடியோவுல காட்டறது அந்த அஞ்சு நிமிஷத்த. மூணு வாரம் கழிச்சு அதே ஆள் எப்படி இருக்காருன்னு யாரும் காட்டறதில்ல.

தங்கவேல், 8:09
அப்ப ஏமாத்து வேலைங்கற

பிரியா, 8:17
இல்லப்பா. அப்படி ஒரேயடியா தள்ளவும் முடியாது. 1895ல அமெரிக்காவுல அயோவா மாநிலம் டேவன்போர்ட்ல பால்மர்ங்கறவரு ஆரம்பிச்சது இது. உடம்புல வர்ற நோய்ல பெரும்பகுதிக்கு முதுகெலும்பு விலகறதுதான் காரணம்னாரு. அது நிரூபணமாகல. ஆனா நாள்பட்ட இடுப்பு வலிக்குக் கையால அழுத்தித் திருப்பறது மட்டும் சோதனைகள்ல தாக்குப் புடிச்சிருக்கு. உடற்பயிற்சி மாதிரி மத்த நல்ல வைத்தியத்துக்குச் சமமா பலன் இருக்கு, அதுக்கு மேல இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல குடுத்த வழிகாட்டுதல்லயும் பயிற்சி, மசாஜ் எல்லாத்தோட இதுவும் ஒரு வழியா இருக்கு. அதே வழிகாட்டுதல்ல இடுப்பு பெல்ட்டும் இழுவை வைத்தியமும் வழக்கமா குடுக்க வேண்டாம்னு இருக்கு.

செல்வி, 8:19
பெல்ட்டு வேண்டாமா?? மாமா வாங்கிக் குடுத்ததுல இருந்து குளிக்கற நேரம் தவிர கட்டிக்கிட்டேதான இருக்காரு

தங்கவேல், 8:20
1,450 ரூபா பெல்ட்டு அது

செல்வி, 8:22
பட்டறையப் பிரிச்சப்போ எங்க பங்குக்கு வந்தது அந்தப் பெல்ட்டு ஒண்ணுதான்

கீதா, 8:22
அண்ணி இப்ப அது எதுக்கு

மூர்த்தி, 8:23
செல்வி விடு

ராஜேந்திரன், 8:41
மாப்பிள்ளை, எலும்பு விலகியிருக்குன்னு எத வெச்சு சொன்னாங்க? புதுசா எக்ஸ்ரே எடுத்தாங்களா?

மூர்த்தி, 8:43
ஆமா மச்சான். நிக்க வெச்சு. கம்ப்யூட்டர்ல செவப்பு கோடு போட்டுக் காட்டுனாங்க. 12 சிட்டிங் முடிஞ்சு மறுபடி எடுத்து வித்தியாசம் காட்றாங்களாம்

ராஜேந்திரன், 8:52
ஒரு கால்ல கொஞ்சம் கூடுதலா பாரம் குடுத்து நின்னாலே இடுப்பு எலும்பு சாஞ்சு தெரியும். மூச்ச இழுத்துப் பிடிச்சா ஒரு மாதிரி, விட்டா ஒரு மாதிரி. முதல் படத்துக்கு வலியோட நிப்பீங்க, ரெண்டாவதுக்கு நிமிந்து நிப்பீங்க. கோடு மாறத்தான் செய்யும். வைத்தியத்தால மாறுச்சுன்னு அத வெச்சு சொல்ல முடியாது. இடுப்பு எக்ஸ்ரேக்குக் கதிர்வீச்சும் நெஞ்சு எக்ஸ்ரேய விட பல மடங்கு அதிகம். கணக்குக் காட்டறதுக்காகத் திருப்பித் திருப்பி எடுக்கக் கூடாது.
அப்புறம் உங்க பழைய எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல எல்4-எல்5 பல்ஜுன்னு (இடுப்புல நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு) இருக்கறதப் பாத்துப் பயப்படாதீங்க. வலியே இல்லாத ஆளுங்களப் படம் எடுத்த ஆய்வுகளத் தொகுத்து 2015ல போட்டாங்க. 50 வயசுக்காரங்கள்ல 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்துச்சு. 20 வயசுலயே 30 சதவீதம்.

சரவணன், 8:54
மாமா சூப்பர். அப்பா படிங்க இத

கீதா, 9:05
டிரைவர் குப்பனூர் வழியா போலாம்ங்கறாரு. அடிவாரத்துல வண்டி நெரிசலாம்

தங்கவேல், 9:06
அடிவாரம் வழியே போகட்டும். ரோடு நல்லா இருக்கும்

பிரியா, 10:30
சித்தி, சித்தப்பா எடுக்கற மாத்திரை எல்லாம் ஒண்ணு விடாம போடுங்க. மெடிக்கல்ல சும்மா வாங்கறதும்.

செல்வி, 10:38
சுகருக்கு மெட்ஃபார்மின். பிரஷருக்கு ஒண்ணு. வலிக்கு எப்பவாச்சும். வீசிங் வந்தா மெடிக்கல்ல ஒரு சின்ன வெள்ளை மாத்திரை குடுப்பாங்க, ரெண்டு நாள்ல நின்னுரும்

பிரியா, 10:39
அந்த வெள்ளை மாத்திரை அட்டைய பாத்து பேரு சொல்லுங்க

செல்வி, 10:46
பிரெட்னிசோலோன் 10

பிரியா, 10:46
எவ்வளவு நாளா?

மூர்த்தி, 10:50
பட்டறையில பொடி வெச்சு ஒட்டறதுக்குப் பத்த வெக்கறப்ப வர்ற புகையில நெஞ்சு அடைக்கும்மா. பனிக்காலம் பூரா தெனம் ஒண்ணு போட்டுருவேன். நாலஞ்சு வருஷமா அப்படித்தான்

பிரியா, 11:04
சித்தப்பா, இது ஸ்டீராய்டு. தினம் 5 மில்லிகிராம் வீதம் மூணு மாசத்துக்கு மேல போனாலே எலும்பு மெலிய ஆரம்பிக்கும். முதல்ல அடி வாங்கறது முதுகெலும்புதான். மெலிஞ்ச எலும்ப வேகமா திருப்பினா நசுங்கலாம், விலா எலும்பு விரிசல் விடலாம். அதனால எலும்பு அடர்த்தி பாக்காம சிரோபிராக்டிக்கும் வேண்டாம், அப்பா சொல்ற சுளுக்கு வழிக்கறதும் வேண்டாம். முதுகுல முழங்கைய வெச்சு அழுத்தறதும் முதுகு மேல ஏறி மிதிக்கறதும் இன்னும் ஆபத்து.
மாத்திரைய நீங்களா இன்னிக்கே நிறுத்திடாதீங்க!! இப்ப தினம் எடுத்துக்கிட்டிருந்தா திடீர்னு நிறுத்தறது ஆபத்து. டாக்டர் சொல்லிப் படிப்படியாதான் குறைக்கணும். சுகர் ஏறறதுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

செல்வி, 11:06
ஐயோ அது சளி மாத்திரைன்னு நெனச்சேன்

சரவணன், 11:07
அந்த சென்டர்ல மாத்திரை என்ன எடுக்கறீங்கன்னு கேட்டாங்களா அம்மா

செல்வி, 11:09
கேக்கலயே. பேரு வயசு போன் நம்பர் எழுதுனாங்க. நேரா எக்ஸ்ரே

பிரியா, 11:15
எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் தெரிய வேண்டாம் சித்தி. ஒழுங்கா படிச்சவங்க தொடறதுக்கு முன்னாடியே கேப்பாங்க: ஸ்டீராய்டு உண்டா, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை உண்டா, புற்றுநோய் வந்திருக்கா, சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறது உண்டா (நம்ம ஊர்ல முதுகெலும்பு டிபியையும் மறக்கக் கூடாது). சுத்தியல் வெச்சு முட்டியில தட்டிப் பாப்பாங்க. என்ன செய்யப் போறோம், எதனால கெடுதல் வரலாம்னு சொல்லிட்டுத்தான் கை வெப்பாங்க. வீட்ல செய்யப் பயிற்சி குடுப்பாங்க. நாலு, ஆறு தடவையில தேறலைன்னா நிறுத்திடுவாங்க. 24க்கு மொத்தமா வாங்கிட்டா நடுவுல நிறுத்த அவங்களுக்கே மனசு வராது.

ராஜேந்திரன், 11:18
படிப்பு என்னன்னும் கேக்கணும்

பிரியா, 11:22
ஆமா மாமா. அமெரிக்காவுல இதுக்குத் தனிக் கல்லூரி, பல வருஷப் படிப்பு, மாநிலம் குடுக்கற லைசென்ஸ் எல்லாம் உண்டு. இங்க இதுக்குன்னு சட்டப்படி ஒரு கவுன்சில் கிடையாது. ரெண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போனவங்களும் போர்டு வெச்சுக்கலாம். எந்தக் கல்லூரி, எத்தன வருஷம், எங்க லைசென்ஸ்னு கேளுங்க. பதில் மழுப்பினா வந்துடுங்க.
வீடியோவுல இருக்கற கழுத்துப் பட்டை இழுப்பு யாருக்குமே வேண்டாம். கழுத்தெலும்பு வழியா மூளைக்கு ரத்தக் குழாய் போகுது. வெடுக்குனு திருப்பறப்ப அதோட உட்சுவர் கிழிஞ்சா பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனா இடுப்பு வலிக்கு வந்த ஆளோட கழுத்துல கை வெக்க ஒரு காரணமும் இல்ல.

தங்கவேல், 11:25
நோட்டீஸ்ல சுகர், தைராய்டு, குழந்தையின்மை எல்லாம் சரியாகும்னு போட்டிருக்கு. இப்பத்தான் கண்ணாடி போட்டுப் படிச்சேன்

பிரியா, 11:26
அப்பா 🙏

பிரியா, 12:40
சித்தி, இப்ப மூணு விஷயம் பாத்துச் சொல்லுங்க.
சித்தப்பாவ செவுத்த ஒட்டி நிக்க வைங்க. குதிகால், பின்பக்கம், தோள் செவுத்துல படணும். தலையோட பின்பக்கம் செவுத்துல படுதா?
குதிகாலால பத்தடி, முன்பாதத்தால பத்தடி நடக்கச் சொல்லுங்க. ஒரு பக்கம் தொய்யுதா?
ஒண்ணுக்கு போறதுல சிரமம், உக்கார்ற இடத்துல மரத்துப்போறது, ரெண்டு காலும் பலமில்லாம போறது, இதுல எது இருந்தாலும் குரூப்ல எழுதிட்டு இருக்காம நேரா ஜி.ஹெச். எமர்ஜென்சிக்குப் போயிடணும், ராத்திரியா இருந்தாலும்.

செல்வி, 1:15
நடை ரெண்டும் சரியா இருக்கு. மூணாவது எதுவும் இல்லங்கறாரு. தல செவுத்துல படல. ரெண்டு விரல் நுழையுது

பிரியா, 1:19
முதுகு கூனியிருந்தா தல செவுத்துல படாது. குனிஞ்சே உக்காந்து வேலை செஞ்சாலும் அப்படி ஆகும், பயப்பட வேண்டாம். ஆனா ஸ்டீராய்டோட சேத்துப் பாக்கறப்ப டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தி பாக்கறது) கட்டாயம். டி-ஸ்கோர்னு ஒரு எண் வரும். மைனஸ் 2.5, அதுக்கும் கீழ போனா எலும்புப்புரை, அதாவது எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ராஜேந்திரன், 1:24
சாதா எக்ஸ்ரேயில நல்லா இருக்குன்னு யாராச்சும் சொன்னா நம்ப வேண்டாம். ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு எலும்பு போனாத்தான் அதுல தெரியும். டெக்ஸா எங்க எடுக்கறாங்க, எவ்வளவுன்னு விசாரிச்சுச் சொல்றேன்

மூர்த்தி, 1:30
அதுவரைக்கும் வலிக்கு என்ன பண்றதும்மா

பிரியா, 1:48
பட்டறையில நீங்க எந்திரிக்கறதப் பாத்திருக்கேன் சித்தப்பா. இடது கைய பலகையில ஊனி, வலது கைய முட்டியில வெச்சு, இடுப்ப வளைச்சபடியே தூக்கறீங்க. மொத்தப் பாரமும் அந்த வளைவுலதான் விழுது. அதுக்குப் பதிலா ஒரு கால முன்னால ஊனி, முதுக நேரா வெச்சு, தொடையால எந்திரிங்க. தரையில சம்மணம் வேண்டாம். மணை மேல தலகாணி போட்டு இடுப்பு முட்டிய விட உசரமா இருக்கற மாதிரி உக்காருங்க. பலகைக்குக் கீழ ரெண்டு செங்கல் குடுத்து வேலைய நெஞ்சுகிட்ட கொண்டு வாங்க. அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு நாலு எட்டு நடங்க.
காலையிலயும் சாயங்காலமும் பத்து நிமிஷ நடை. நாலு நாளைக்கு ஒரு தடவ ரெண்டு நிமிஷம் கூட்டுங்க. பாய்ல கையும் முட்டியும் ஊனி வலது கை, இடது கால் நீட்டி எட்டு நொடி. அப்புறம் மாத்தி. பக்கத்துக்கு ஆறு போதும். இடுப்பு ஆடக் கூடாது, ஆடினா கால மட்டும் நீட்டுங்க. குனிஞ்சு பாதத்தத் தொடறது, மல்லாந்து படுத்து வயித்த மடக்கி எந்திரிக்கற பயிற்சி இப்ப வேண்டாம். மெலிஞ்ச எலும்ப முன்பக்கமா மடக்கினா நசுங்கலாம். பெல்ட்ட வேலை நேரத்துல மட்டும், அதையும் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க.

மூர்த்தி, 1:55
சரிம்மா. செங்கல் இருக்கு

சரவணன், 1:57
டெக்ஸா நல்லா வந்தா சிரோபிராக்டிக் போலாமா அக்கா? அப்பாவுக்கு ஆசை இருக்கு

பிரியா, 2:03
எலும்பு டாக்டரும் சரின்னு சொன்னா, இடுப்புக்கு மட்டும், ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியா பணம் குடுத்து, ஆறு தடவை பாக்கலாம். பயிற்சிய விடக் கூடாது. ஆனா இந்த சென்டர் வேண்டாம்.

செல்வி, 2:05
சென்டர்ல இருக்கற பொண்ணு ரெண்டு தடவ போன் பண்ணிருச்சு. என்ன சொல்றது

ராஜேந்திரன், 2:06
எடுத்த எக்ஸ்ரேய குடுங்கன்னு கேளு. எக்ஸ்ரேக்குக் காசு குடுத்திருக்க, படம் உன்னுது

கீதா, 2:10
சேர்வராயன் கோயில்ல குகைக்குள்ள குனிஞ்சுதான் போகணும். அண்ணா வெளியவே உக்காந்துக்கட்டும். முன் சீட்டு அவருக்குத்தான்

மூர்த்தி, 2:12
பாக்கலாம்

கீதா, 2:12
பாக்கலாம்னா? நான் 21 சீட்டே சொல்லிடறேன்

தங்கவேல், 2:20
எலும்பு டாக்டர்கிட்ட மூர்த்திய நான் கூட்டிட்டுப் போறேன். வியாழன் எனக்குக் கோர்ட்டு வேலை. வெள்ளிக்கிழம

பிரியா, 2:21
பைக் வேண்டாம்ப்பா. ஆட்டோ. மாத்திரை அட்டை எல்லாத்தையும் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க

செல்வி, 2:24
வெள்ளி 10.30ல இருந்து ராகுகாலம் மாமா. 9 மணிக்கே வந்துருங்க, டிபன் இங்கயே சாப்பிட்டுக்கலாம்

ராஜேந்திரன், 2:31
வெள்ளிக்குள்ள டெக்ஸா ரிப்போர்ட் வருமான்னு தெரியல, சாயங்காலம் சொல்றேன்