தற்காலிகப் பற்களோடு மூன்று மாதம்

"ராத்திரியெல்லாம் நறநறவென்று பல்லைக் கடிக்கிறீர்கள்" என்று மனைவி பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 46 வயதில் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதில் இருந்த முன்பற்களின் உயரத்தில் பாதிகூட இப்போது இல்லை. பல் குட்டையானதால் வாயோரம் மடிந்து, அடிக்கடி வெடித்துப் புண்ணாகிக்கொண்டிருந்தது.

மருத்துவர் எடுத்த எடுப்பில் பல்லைத் தொடாமல், நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்டார். பத்து வருடமாக உண்டு. மேலேறி வரும் அமிலம் பல்லின் மேலோடான எனாமலை இளக்கும், இரவுக் கடி அதைத் தேய்க்கும், போன எனாமல் திரும்ப வளராது என்று சொல்லி, முதலில் வயிற்று மருத்துவரிடம் அனுப்பினார். பிறகு அளவெடுத்து, அச்சு மாதிரியின் மேல் மெழுகால் புதுப் பற்களை வடித்துக் காட்டினார். நடுவில் இரண்டு பற்களுக்கு வேர் சிகிச்சை. அது எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுங்கள்.

நான் சொல்ல வந்தது, நிரந்தர உறைகளுக்கு முன் போட்டுப் பார்க்கும் அக்ரிலிக் (ஒரு வகை பிளாஸ்டிக்) தற்காலிகப் பற்களைப் பற்றி. மேல், கீழ்ப் பற்கள் சேரும் கடியின் உயரத்தைச் சில மில்லிமீட்டர்தான் கூட்டினார்கள். ஆனால் "சரி" என்றாலே விசில் அடித்தது. கன்னத்தை இரண்டு முறை கடித்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை போகும்போதும் நீலக் கார்பன் தாளை இடுக்கியில் பிடித்து உள்ளே வைப்பார். "தட்டுங்கள், தட்டுங்கள், இப்போது பக்கவாட்டில் அரையுங்கள்." நீலம் அடர்த்தியாகப் பதிந்த இடத்தை மட்டும் துளி சுரண்டுவார். மறுபடியும் தாள். சலிப்பான வேலைதான். இரண்டாம் மாதம் ஒரு காலையில் தாடை வலியில்லாமல் எழுந்தேன். அந்தக் கடி நிலைத்துவிட்டது என்று உறுதியான பிறகே அதே வடிவத்தில் சிர்கோனியா என்ற கடினப் பீங்கானில் நிரந்தர உறைகள் போட்டார்.

மறுமொழி

இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு மாட்டிக்கொண்டவள் நான். ஒரு பயணத்துக்கு முன் முடிந்தாக வேண்டும் என்று நச்சரித்தேன். இரண்டே வாரத்தில் நிரந்தர உறைகள் வந்துவிட்டன. மருத்துவர் மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. நான்காம் மாதம் கடைவாய்ப் பல்லில் பீங்கான் சில்லாகப் பெயர்ந்தது. காதோரம் தாடை மூட்டில் வலி. அக்ரிலிக் என்றால் சுரண்டலாம், ஒட்டிச் சேர்க்கலாம். பீங்கானில் அப்படி விளையாட முடியாது. வேறொருவரிடம் போய் நான்கு உறைகளைக் கழற்றி, தற்காலிகப் பல்லிலிருந்து மறுபடியும் தொடங்கினேன். உங்களுக்குத் தூங்கும்போது பல்லின் மேல் மாட்டும் இரவுக் கவசம் கொடுத்தார்களா?

மறுமொழி

கொடுத்தார்கள் அம்மா, தினமும் போடுகிறேன். ஆறு மாதம்தான் ஆகிறது. கழுவும்போது பார்த்தால் வலது கடைவாய்ப் பக்கம் பளபளவென்று ஒரு பள்ளம். இன்னும் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மனைவிக்குத்தான் சத்தம் கேட்பதில்லை.