அப்பாவின் கைபேசியில் இடம் தீர்ந்துவிட்டது: மெமரி கார்டு போட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: தூத்தூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா ஆழ்கடல் மீனவர். கொச்சியிலிருந்து விசைப்படகில் தங்கலுக்குப் போனால் கரை திரும்ப இருபது நாளாகும். மீன்பாடு சரியில்லையென்றால் ஒரு மாதத்தைக்கூடத் தாண்டிவிடும். கரையை விட்டு நகர்ந்த சில மணி நேரத்தில் சிக்னல் போய்விடுவதால், அதன் பிறகு கைபேசிக்குள் ஏற்கெனவே இருப்பதை மட்டுமே அவர் பார்க்கவும் கேட்கவும் முடியும். பாட்டு, ஜெபமாலை, தங்கையின் முதல் நன்மை விழா வீடியோ, எல்லாவற்றுக்கும் மேலாக அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகள். அம்மாவுக்குத் தட்டச்சு செய்து பழக்கமில்லை; சொல்ல வேண்டியதையெல்லாம் பேசித்தான் அனுப்புவார். அப்பா அவற்றில் ஒன்றைக்கூட அழித்ததில்லை. இரவில் காவலுக்கு இருக்கும்போது பழையதிலிருந்து வரிசையாகப் போட்டுக் கேட்பாராம்.

கைபேசியின் உள் சேமிப்பிடம் 32 ஜிபி. போன தங்கலிலேயே இடம் போதவில்லை என்ற அறிவிப்பு வரத் தொடங்கிவிட்டது. இப்போது படம் எடுக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பைப் புதுப்பிக்கவும் முடியவில்லை. புதிய கைபேசி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை, பழகிய கைபேசியை மாற்ற அப்பாவுக்கும் மனமில்லை. எனவே 128 ஜிபி மெமரி கார்டு ஒன்றை வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன். கார்டைச் செருகியதும் போர்ட்டபிளா இன்டர்னலா என்று கைபேசி கேட்குமாமே, எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிம் தட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். இரண்டு பள்ளங்கள்தாம் இருக்கின்றன, இரண்டிலும் சிம் இருக்கிறது. கார்டை எங்கே வைப்பது? படகு அடுத்த வாரம் புறப்படுகிறது.

பதில் 1: மார்த்தாண்டம், கைபேசி பழுதுபார்ப்பவர்

தம்பி, தட்டிலிருந்தே தொடங்குவோம். இரண்டாவது பள்ளத்திலிருக்கும் சிம்மை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். நானோ சிம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 9 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மெமரி கார்டு 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் உடையது. சிம்மைச் சுற்றிக் கூடுதலாக ஒரு படி போலப் பள்ளம் வெட்டியிருந்தால், அது ஒன்று சிம்முக்கு, அல்லது கார்டுக்கு என்று செய்யப்பட்ட இடம். இதைத்தான் ஹைபிரிட் தட்டு என்கிறோம். அப்படியானால் கார்டுக்காக ஒரு சிம்மை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சிம்மின் மேல் கார்டை ஒட்டி இரண்டையும் ஒரே பள்ளத்தில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படிச் செய்து தட்டு உள்ளேயே சிக்கி, இணைப்பு முனைகள் வளைந்துபோன கைபேசிகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

அடுத்தது, நீங்கள் கேட்ட போர்ட்டபிளும் இன்டர்னலும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த இன்டர்னல் வசதி இருக்கிறது; சில நிறுவனங்கள் தங்கள் கைபேசிகளில் இதை எடுத்தே விட்டன. போர்ட்டபிள் என்றால் கார்டு ஒரு தனிப் பெட்டி போல இருக்கும். கழற்றிக் கணினியில் போட்டாலும் படங்கள் தெரியும். இன்டர்னல் என்றால் கைபேசி அந்தக் கார்டை முழுவதும் அழித்து, தனக்கு மட்டுமே புரியும் பூட்டு ஒன்றைப் போட்டு, தன் உடம்பின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொள்ளும். உங்கள் அப்பாவுக்குப் போர்ட்டபிள்தான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போர்ட்டபிளாக வைத்தால் உங்களுடைய 32 ஜிபி 160 ஜிபி ஆகிவிடாது. செயலிகளும் அவற்றின் புதுப்பிப்புகளும் உள் சேமிப்பிடத்தைத்தான் கேட்கும். கார்டு வந்ததால் மட்டும் வாட்ஸ்அப் புதுப்பிக்கப்படாது. உள்ளே கிடக்கும் வீடியோக்களைக் கார்டுக்கு நகர்த்தி, அங்கே காலியான இடத்தை உண்டாக்கினால்தான் அது நடக்கும். கேமராவின் அமைப்பில் படங்களைச் சேமிக்கும் இடமாகக் கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால், இனி எடுப்பவை நேராக அங்கே போய்விடும். வாட்ஸ்அப்புக்கு அப்படி ஒரு தேர்வு இல்லை. அது எல்லாவற்றையும் உள்ளேதான் போடும். அவ்வப்போது நாமே நகர்த்த வேண்டும்.

அம்மாவின் குரல் பதிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். இடத்தைக் காலி செய்யும் வேகத்தில் வாட்ஸ்அப் கோப்புறை முழுவதையும் கார்டுக்குத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இடம் மாறிய பதிவை வாட்ஸ்அப்பால் கண்டுபிடிக்க முடியாது. உரையாடலில் அதைத் தொட்டால் கோப்பு இல்லை என்றே சொல்லும். கார்டில் தேடினால் எண்ணும் தேதியும் கொண்ட பெயர்களுடன் நூற்றுக்கணக்கான கோப்புகள் கிடக்கும். அவற்றில் எது அம்மாவுடையது, எது படகுத் தோழருடையது என்று உங்கள் அப்பாவால் பிரித்தறிய இயலாது. குரல் பதிவு மிகச் சிறியது. ஒரு நிமிடப் பேச்சு சில நூறு கேபிக்கு மேல் போகாது. அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நகர்த்த வேண்டியது குழுக்களில் வந்து குவிந்த வீடியோக்களை மட்டுமே. வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடப் பகுதிக்குள் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவற்றைத் தனியே காட்டும். அவற்றில் வேண்டாதவற்றை முதலில் அழியுங்கள். பாதி இடம் அதிலேயே கிடைத்துவிடக்கூடும்.

பதில் 2: நாகர்கோவில், கல்லூரி மாணவர்

அண்ணன் சொல்வதிலிருந்து சற்று மாறுபடுகிறேன். உள்ளே இடம் இல்லாததுதானே சிக்கல்? இன்டர்னலாக மாற்றினால் செயலிகளையும் கார்டுக்கு நகர்த்தலாமே. என் கைபேசியில் ஓராண்டாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். வேகம் சற்றுக் குறைந்ததைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை.

பதில் 3: குலசேகரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

தம்பி சொல்வது தவறில்லை. கைபேசி உயிரோடு இருக்கும் வரை அது நன்றாகவே நடக்கும். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நானும் அப்படித்தான் இன்டர்னலாக மாற்றிப் பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்த படங்களையெல்லாம் கார்டில் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலக் காலையில் ரப்பர் தோட்டத்தில் பால் சேகரிக்கும் வாளிக்குள் கைபேசி விழுந்து, பிறகு எழவே இல்லை. கார்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. கைக்குட்டையால் துடைத்தேன், புதிதுபோல இருந்தது. இன்னொரு கைபேசியில் போட்டபோது, இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா, அதாவது உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாக்கவா என்று கேட்டது. மூன்று கடைகளில் காட்டினேன். கார்டைத் திறக்கும் சாவி இறந்துபோன கைபேசிக்குள்தான் இருக்கிறது, அதை உயிர்ப்பித்தால் மட்டுமே வழி என்று மூவரும் ஒன்றையே சொன்னார்கள். அந்தக் கார்டு இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

கரையிலிருக்கும் எனக்கே இப்படி. கடலில் உப்புத் தண்ணீர் படும் இடத்தில் வேலை செய்பவருக்குக் கைபேசி பழுதாகும் வாய்ப்பு இன்னும் மிகுதி. கைபேசி போனாலும் கார்டு பிழைக்க வேண்டும் என்றால் அது போர்ட்டபிளாகத்தான் இருக்க வேண்டும்.

பதில் 4: நாகர்கோவில், திருமண வீடியோ தொகுப்பவர்

எந்தக் கார்டு வாங்குவது என்பதை நான் சொல்கிறேன், தம்பி. நாள் முழுவதும் கார்டுகளோடுதான் என் வேலை. கார்டின் முகத்தில் அச்சிட்டிருப்பவற்றில் உங்களுக்கு வேண்டியவை சிலதான். எஸ்டிஎச்சி என்றிருந்தால் 32 ஜிபி வரை. எஸ்டிஎக்ஸ்சி என்றிருந்தால் அதற்கு மேல் 2 டிபி, அதாவது ஏறத்தாழ 2000 ஜிபி வரை. உங்கள் கைபேசி எவ்வளவு வரை ஏற்கும் என்பதை அதன் விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் 10 என்றோ, கிண்ணம் போன்ற குறிக்குள் 1 என்றோ இருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். அந்தக் கிண்ணக் குறிக்குள் 3 என்றிருந்தால் 30 எம்பி. அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட வேகம் பெரும்பாலும் படிக்கும்போது எட்டக்கூடிய உச்சம்; அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஏ1 என்ற குறி இருந்தால் நல்லது. சிறு சிறு கோப்புகளை நொடிக்கு 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் வல்லது என்பது அதன் பொருள். படங்களின் பட்டியல் தயங்காமல் திறக்கும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, கார்டு அசலாக இருக்க வேண்டும் என்பது. ஒரு திருமணத்துக்குப் போன எங்கள் படப்பிடிப்பாளர், கையிருப்பு தீர்ந்துவிட்டதால் வழியில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த 128 ஜிபி கார்டை வாங்கிப் போட்டுவிட்டார். மறுநாள் திறந்தால் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன, அளவும் சரியாகக் காட்டியது. தாலி கட்டும் இடத்துக்குப் பிறகு ஒன்றுகூட ஓடவில்லை. உள்ளே இருந்தது 16 ஜிபி சில்லு. தான் 128 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றியிருந்தார்கள். அப்படிப்பட்ட கார்டு நிறைந்த பிறகும் எழுதுவதாகவே காட்டிக்கொண்டு, வருவதைத் தொலைத்துவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதிவிடும். அந்தக் குடும்பத்தாரிடம் போய் நின்ற நாளை நான் மறக்கமாட்டேன்.

ஆகவே ரசீது தரும் கடையில் வாங்குங்கள். வாங்கியதும் எதையும் பதியாமல் சோதியுங்கள். விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது கார்டை முழுவதும் நிரப்பி, எழுதியதை மீண்டும் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். நொடிக்கு 20 எம்பி எழுதினாலும் 128 ஜிபி நிரம்ப ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரமாகும். படித்துப் பார்க்க அதற்கு மேலும் நேரம் வேண்டும். பொறுமையாக விடுங்கள். கணினி 119 ஜிபி என்று காட்டினால் ஏமாற்று என்று பயப்பட வேண்டாம். கார்டு செய்பவர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள். விண்டோஸ் ஏறத்தாழ 107 கோடியே 37 இலட்சத்தை ஒரு ஜிபி என்று கணக்கிடுகிறது. சோதனை முடிந்தபின் ஃபார்மேட் செய்வதைக் கைபேசியிலேயே செய்யுங்கள்.

கேட்டவர் மீண்டும்

அண்ணன், அக்கா, சார், அனைவருக்கும் மிக்க நன்றி. அண்ணன் சொன்னபடியே பார்த்தேன். சிம்மைச் சுற்றி ஒரு படி போலப் பள்ளம் இருக்கிறது, ஹைபிரிட்தான். ஆனால் கரையோரத்தில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் கிடைக்காத இடத்தில் மற்றது கிடைக்கும் என்பதால், அப்பா இரண்டாவது சிம்மை விடமாட்டேன் என்கிறார். வேறு வழி இருக்கிறதா?

மார்த்தாண்டத்திலிருந்து மீண்டும்

இரண்டு வழி இருக்கிறது, தம்பி. கைபேசியின் சார்ஜ் துளையில் செருகும் ஓடிஜி பென் டிரைவ் வாங்கலாம். பார்க்கும்போது மட்டும் செருகினால் போதும். ஆனால் ஆடும் படகில் துருத்திக்கொண்டு நிற்கும் பொருள் எங்காவது இடித்தால் துளையும் சேர்ந்து கெடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. வீட்டில் பழைய பட்டன் போன் ஏதாவது இருந்தால் இரண்டாவது சிம்மை அதில் போட்டுவிடுங்கள். பேச மட்டும் பயன்படுத்தினால் ஒருமுறை ஏற்றிய சார்ஜ் பல நாள் நிற்கும். படகில் அதுவும் ஒரு கூடுதல் துணைதான்.

இன்னும் ஒன்று. கடலில் இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் தட்டைத் திறக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். உப்பு ஈரம் பட்ட விரலால் தொட்ட கார்டின் முனைகளில் படலம் படிந்து, பிறகு கைபேசி அதை ஒரு நேரம் அறியும், ஒரு நேரம் அறியாது. கரையில் கழற்றும்போதும் அமைப்புகளில் வெளியேற்று என்பதை அழுத்திவிட்டு, உலர்ந்த கையோடு கழற்றுங்கள். கார்டில் போட்டாயிற்று என்று மற்ற இடங்களில் உள்ளதை அழித்துவிடவும் கூடாது. சார் சொன்னதுபோல ஒன்று போனாலும் இன்னொன்று இருக்க வேண்டும்.

கேட்டவர், நான்கு நாள் கழித்து

செய்து முடித்ததை எழுதிவிடுகிறேன், என்னைப்போல இன்னொருவருக்குப் பயன்படலாம். மார்த்தாண்டத்தில் ரசீதோடு 128 ஜிபி, ஏ1 குறியுள்ள கார்டு வாங்கினேன். பெரியம்மா மகளின் மடிக்கணினியில் சோதனையை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முடிந்தது. பிழை ஒன்றும் இல்லை. இரண்டாவது சிம் பட்டன் போனுக்குப் போய்விட்டது. முதலில் தயங்கிய அப்பா, அந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்துவிட்டு, இதுவும் நல்லதுதான் என்றார்.

குழுக்களில் வந்த வீடியோக்களில் வேண்டாதவற்றை அழித்து, மற்றவற்றைக் கார்டுக்கு நகர்த்தியதில் உள்ளே 11 ஜிபி காலியானது. வாட்ஸ்அப் உடனே புதுப்பிக்கப்பட்டது. அம்மாவின் குரல் பதிவுகளை மட்டும் எண்ணிப் பார்த்தேன்: 412 பதிவுகள், எல்லாம் சேர்ந்து 96 எம்பிதான். அவை கைபேசியிலேயே இருக்கின்றன; மடிக்கணினியில் ஒரு படியும், கார்டில் அம்மாவின் பெயரில் ஒரு கோப்புறையில் இன்னொரு படியும் எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று இரவு திண்ணையில் உட்கார்ந்து, கடலில் இருப்பதுபோலச் சிக்னல் முழுவதையும் அணைத்துவிட்டுக் கைபேசியை அப்பாவிடம் கொடுத்தேன். தங்கையின் விழா வீடியோவைக் கார்டிலிருந்து அவரே திறந்து பார்த்தார். பிறகு வாட்ஸ்அப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், எல்லாவற்றிலும் பழைய பதிவைத் தொட்டார். அம்மா உள்ளே அடுக்களையில் நின்றுகொண்டிருந்தார்; அவருடைய குரல் கைபேசியிலிருந்து தெளிவாகக் கேட்டது.